பொட்டு வைத்த ரிமோட்

பதினோரு வருடங்களாக என் வேலை, டி.வி. தெரியாமல் தவிப்பவர்களிடம் பேசுவது. நியூ டவுனில் ஏழாவது மாடியில் அலுவலகம். தமிழ்நாட்டில் யாராவது ஒருவர் வீட்டில் படம் பாதியில் நின்றுபோனால், செட்டாப் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் நம்பருக்கு அழைப்பார்கள். அந்த அழைப்பு எங்கெங்கோ சுற்றி, கொல்கத்தாவில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருக்கும் என் காதில் வந்து விழும். எந்த ஊரிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லக்கூடாது என்பது அலுவலக விதி. என் பேச்சில் மிச்சமிருக்கும் திருநெல்வேலியைக் கேட்டுவிட்டு, "என்னம்மா, பாளையங்கோட்டப் பக்கமா?" என்று அவர்களே முடிவுகட்டிக்கொள்வார்கள். நானும் மறுப்பதில்லை.

வேலையில் பாதி ரிமோட்டைப் பற்றியதுதான். "மேல செவப்பா ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்குங்க. இப்ப நடுவுல அஞ்சாம் நம்பரத் தடவிப் பாருங்க, சின்னதா ஒரு புள்ளி தட்டுப்படும். அதுக்கு நேர் கீழ வாங்க." ஒரு நாளைக்கு முப்பது பேரிடமாவது இதைச் சொல்லியிருப்பேன். என் கையில் ரிமோட் இருக்காது. ஆனால் விரல்கள் மேஜைமேல் தாமாகவே அந்த இடங்களுக்குப் போய் வரும்.

அப்படி ஊருக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்த நாட்களில்தான் என் பார்வை ஓரங்களிலிருந்து குறையத் தொடங்கியது. நேரே பார்த்தால் எல்லாம் தெளிவாக இருந்தது. பக்கவாட்டில் இருப்பவைதான் இல்லாமல் போயின. டாக்குரியா ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியவள் ஒரு சைக்கிள்மேல் மோதினேன். அலுவலகத்தில் ஒருத்தி நீட்டிய டீயைத் தட்டிவிட்டேன். எதிரே வந்து கையசைத்தவர்கள், "கண்டும் காணாமப் போறா" என்று பேசிக்கொண்டார்கள். தூக்கம் போதவில்லை, வயது ஆகிறது, வேலை அதிகம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். என் அப்பா கடைசி எட்டு வருடங்கள் பார்வையில்லாமல் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் போனால் அந்த நாற்காலியின் பெயரைச் சொல்லிவிடுவார் என்ற பயம். போகவில்லை.

வீட்டில் மறைப்பது சுலபமாக இருந்தது. என் கணவருக்கு லேக் மார்க்கெட்டில் மளிகைக் கடை. இட்லி அரிசி, அப்பளம், காப்பிப் பொடி என்று நம் ஊர்ச் சாமான்கள். காலையில் போனால் ராத்திரிதான் வருவார். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். அவர்கள் இல்லாத சாயங்கால நேரத்தில் நான் சோபாவில் சாய்ந்து டி.வி. போடுவேன். எங்களுடைய பழைய ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள் நிறம் மங்கிப்போயிருந்தது. எண்கள்கூட அழிந்துவிட்டன. ஆனால் ஒரு தடவைகூட நான் தவறாக அமுக்கியதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் என் கண்ணில் எந்தக் குறையும் இல்லாததுபோல இருந்தது.

அந்த வருடம் துர்கா பூஜைக்குப் பதினைந்து நாள் முன்னால், என் கணவர் சுவரில் பாதியை அடைக்கும் டி.வி. ஒன்றை வாங்கிவந்தார். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார். ரிமோட்டும் அதோடு போயிற்று. புதியதோடு வந்த ரிமோட் ஒரு விரல் நீளம். நடுவில் தடவுவதற்கு ஒரு வழுவழுப்பான வட்டம், அவ்வளவுதான். அதையும் யாரும் சீண்டவில்லை. ஏனென்றால் கூடவே ஒரு டேப்லட் வந்திருந்தது. டி.வி., சவுண்ட் பாக்ஸ், ஹால் விளக்கு, ஏ.சி. எல்லாவற்றையும் அதிலேயே தொட்டு இயக்கலாம். மாட்டிக்கொடுக்க வந்த இளைஞன், "பட்டனெல்லாம் இனி யார் தொடப்போறாங்க, பௌதி?" என்று சிரித்தான். பௌதி என்றால் அண்ணி. என் கணவர் கடையில் புதுச் சரக்கு வந்திறங்கியதுபோல் முகம் மலர்ந்து நின்றார்.

நான் அந்தக் கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்தேன். மேடு இல்லை, பள்ளம் இல்லை. கருநீலத் திரையில் சாம்பல் நிறச் சின்னங்கள். என் பார்வைக்குள் ஒரு நேரத்தில் ஒரு மூலைதான் அகப்பட்டது. மீதியைத் தேடுவதற்குள் திரை அணைந்துவிடும். முதல் நாளே தெரிந்துவிட்டது, இனி இந்த வீட்டில் என்னால் ஒளிய முடியாது என்று. "எனக்கு டி.வி. பாக்கவே நேரமில்ல" என்று சொல்லிவிட்டு, சாயங்காலங்களில் பால்கனியில் உட்கார ஆரம்பித்தேன்.

அஷ்டமி அன்று மதியம் எதிர்வீட்டு மாஷிமாவும் கட்டடத்தில் இன்னும் நான்கைந்து பேரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். நான் புளியோதரையும் பாயசமும் செய்திருந்தேன். மாஷிமா என்றால் பெரியம்மா மாதிரி. எழுபதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர், என்னைப் பௌமா என்றுதான் கூப்பிடுவார்; மருமகளே என்பதுபோல. சாப்பிட்டு முடித்ததும் பூஜை நேரடி ஒளிபரப்பைப் பார்க்க வேண்டும் என்றார்கள். என் கணவர் கையில் பாயசக் கிண்ணம். "ஏய், அதப் போடேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

டேப்லட்டை எடுத்தேன். தொட்டேன். ஹால் விளக்கு அணைந்தது. மறுபடி தொட்டேன். எங்கிருந்தோ ஓர் இந்திப் பாட்டு வீடே அதிரும்படி அலறியது. சத்தத்தைக் குறைக்கத் தேடினேன், ஏ.சி. நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாஷிமா எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, "ஏ கீ பௌமா, இது என்ன! உன் விரலுக்குப் பக்கத்துலதானே இருக்கு, எங்க தேடுற?" என்றார் வங்காளத்தில். அவருக்கு ஒரு கண்ணில் புரை. அவருக்கே தெரிந்தது.

டேப்லட்டை மகள் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போனேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பின்னாலேயே மகள் வந்து குழாயை மூடினாள்.

"மா, ஷொத்தி சொல்லு." உண்மையைச் சொல்லு என்று கேட்க வேண்டுமென்றால் அவளுக்குப் பாதி வங்காளம்தான் வரும். "அந்த ஐகான் உன் கைக்குப் பக்கத்துல இருந்துச்சு. நீ பாக்கவே இல்ல."

"வெளிச்சம் பத்தல."

"மத்தியானம் ரெண்டு மணி மா."

அவள் சத்தமில்லாமல் தன் இடது கையை என் காதுக்குப் பக்கமாக நீட்டி விரல்களை ஆட்டியிருக்கிறாள். நான் திரும்பவில்லை. கையை இன்னும் முன்னால் கொண்டுவந்தாள். கன்னத்தருகே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்ட்டி."

அவள் அழுதாள். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டதில் எனக்கு அழுகை வரவில்லை. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியே பந்தலில் டாக் மேளம் உச்சத்தில் இருந்தது.

பூஜை முடிந்த முதல் திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஓர் இருட்டு அறையில் முகத்தை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் வைத்து உட்காரச் சொன்னார்கள். எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால், கையில் கொடுத்திருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். முதலில் வேகவேகமாக அமுக்கினேன். பிறகு நீண்ட இடைவெளிகள் வந்தன. எந்திரத்தின் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. புள்ளி எதுவும் வரவில்லை. வரவில்லை என்பதல்ல, வந்து போய்க்கொண்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்பது அந்த மௌனத்தில்தான் புரிந்தது. பட்டன்மேல் கட்டைவிரலை வைத்தபடி காத்திருந்தேன்.

க்ளாகோமா, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுக்கும் நோய். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அவர் ஒரு பெண், நிதானமாகப் பேசினார். "அப்பாவுக்கு இருந்திருக்கு, நீங்க பத்து வருஷம் முன்னாடியே வந்திருக்கணும். பரவாயில்ல, நடுப்பார்வை நல்லா இருக்கு. சொட்டு மருந்த ஒரு நாள்கூட விடாதீங்க." நான் பயந்துகொண்டிருந்த நாற்காலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. 

டாக்சியில் என் கணவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பாலம் ஏறும்போது, "எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"சொன்னா நீங்க பயப்படுவீங்கன்னு."

"இப்ப மட்டும் என்னவாம்?" என்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போகவில்லை. எங்கே என்று சொல்லாமல் கிளம்பினார். மதியம் சாந்தினி மார்க்கெட்டிலிருந்து மூன்று ரிமோட்டுகளோடு வந்தார். மூன்றும் பட்டன் வைத்தவை. ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்து, "கண்ண மூடிட்டுப் பாரு. எது வசதி?" என்றார். முதலாவதில் பட்டன்கள் நெருக்கமாக இருந்தன. இரண்டாவது அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வரவில்லை. மூன்றாவது கனமாக, அகலமான ரப்பர்ப் பட்டன்களோடு உள்ளங்கையில் பாந்தமாக உட்கார்ந்தது.

"இதுதான்."

உடனே என் டிரெஸிங் டேபிளைத் திறந்து, கல் வைத்த ஸ்டிக்கர்ப் பொட்டு அட்டையை எடுத்துவந்தார். ஓ.கே. பட்டனில் ஒரு பொட்டு. பின்னால் போகும் பட்டனில் இரண்டு. அணைக்கும் பட்டனில், நான் கல்யாணங்களுக்கு வைக்கும் பெரிய பொட்டு. "கடைக்காரன் மூளைய எப்டி நெனச்ச?" என்றார். அன்று சாயங்காலம் எத்தனையோ நாளைக்குப் பிறகு சோபாவில் உட்கார்ந்து நானே டி.வி. போட்டேன். அணைத்தேன். மறுபடி போட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு பிரச்சினை தீர்ந்தது என்றுதான் அவர் நினைத்தார். டேப்லட்டைக் கடைக்கு எடுத்துப்போய்விடுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் வாரம் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் புதிய டி.வி.யில் சானல் பார்ப்பது ஒரு பகுதிதான். ஒரு படத்தைத் தேட வேண்டுமென்றால் திரையில் எழுத்துகள் கட்டம் கட்டமாக வரும். அம்புக்குறியை வலது, வலது, கீழே என்று அமுக்கி ஒவ்வொரு எழுத்தாகப் பிடிக்க வேண்டும். எந்த எழுத்தில் நிற்கிறேன் என்பதை என் குறுகிய பார்வைக்குள் தேடிப் பிடிப்பதற்குள் சலித்துவிடும். கடைசியில், "இதப் போட்டுக் குடு" என்று மகளைக் கூப்பிடுவேன். அவள் படிப்பை விட்டு எழுந்து வருவாள். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

மூன்றாவது முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பார்வை குறைந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பின்பக்கத்து அறை ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே முப்பது வயதுக்குள் ஒரு பெண் இருந்தாள். அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. மேஜைமேல் சாதாரண டச் போன் ஒன்று. வங்காளமும் இந்தியுமாகப் பேசினாள், என்னை அக்கா என்ற பொருளில் தீதி என்று கூப்பிட்டு.

"தீதி, வீட்டுல என்ன கஷ்டம்?"

டேப்லட்டைப் பற்றிச் சொன்னேன். பட்டன்தான் நம்மைப் போன்றவர்களுக்கு, கண்ணாடி கண்ணிருப்பவர்களுக்கு என்றும் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என் வாழ்க்கையே இந்தக் கண்ணாடியிலதான் ஓடுது."

போனில் ஏதோ மாற்றிவிட்டு என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். விரல் எதன்மேல் இருக்கிறதோ அதன் பெயரை போன் சொன்னது. நகர்த்தினால் அடுத்தது. வேண்டியது வந்ததும் விரலை எடுத்து இரண்டு தட்டு. "உங்க டேப்லட்லயும் இது உள்ளுக்குள்ள தூங்கிட்டு இருக்கு. எழுப்பணும், அவ்ளோதான்" என்றாள்.

எழுப்புவது அவள் சொன்ன அளவுக்குச் சுலபமாக இல்லை. முதல் சில நாட்கள் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அது ஓயாமல் பேசியது. என் கணவருக்குக் கடையிலிருந்து வந்த செய்தியை ஹாலில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தது. தமிழ்ப் படங்களின் பெயர்களை வெள்ளைக்காரன் திருக்குறள் படிப்பதுபோல் படித்தது. மகள் தமிழ்க் குரலைத் தேடிப் போட்ட பிறகுதான் காது பிழைத்தது. விளக்கு, ஏ.சி. இருந்த பக்கத்துக்குப் போனாலோ, "பெயரில்லாத பட்டன். பெயரில்லாத பட்டன். பெயரில்லாத பட்டன்" என்றது. செய்தவர்கள் படம் வரைந்துவிட்டுப் பெயர் வைக்க மறந்திருக்கிறார்கள். ஒரு நாள் டேப்லட்டைச் சோபாவில் வீசிவிட்டேன்.

மகள் அதை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாமளே பேர் வெச்சுக்கலாம் மா. அதுக்கு வழி இருக்கு." ஒவ்வொரு சின்னத்தையும் அழுத்திப்பிடித்துப் பெயர் கொடுத்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் தமிழில் எழுதினாள். அவளுடைய தமிழ் எழுத்து இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து. "வெளக்கு" என்று போட்டாள். திருத்தவில்லை, வீட்டில் அப்படித்தானே பேசுகிறோம். ஏ.சி.க்கு "அப்பாவோட குளிர்" என்று பெயர் வைத்தாள். இரண்டு பேரும் அன்று சிரித்த சிரிப்பில் மாஷிமா கதவைத் தட்டி என்ன விஷயம் என்று கேட்டார்.

மார்கழி வாக்கில் என் விரலுக்குப் பழகிவிட்டது. அதன் பிறகுதான் அலுவலகத்திலும் சொன்னேன். வேலை போய்விடும் என்று தயாராகத்தான் போனேன். என் மேலதிகாரி முழுவதையும் கேட்டார். பிறகு, எழுத்தைப் பெரிதாக்கினால் போதுமா, வேறு திரை வேண்டுமா என்று விசாரித்தார். நான் கருப்புத் திரையில் மஞ்சள் எழுத்து வேண்டும் என்றேன். மறுநாள் என் இடத்தை ஜன்னல் வெளிச்சம் கூசாத பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

அதற்குள் எங்கள் நிறுவனமும் ரிமோட்டுக்குப் பதில் போனிலேயே இயக்கும் வசதியைக் கொண்டுவந்திருந்தது. ஒரு நாள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் அழைத்தார். "மேல வலது பக்கம் பச்சை ஐகான் தெரியுதா சார்?" என்று, அலுவலகத்தில் எழுதிக்கொடுத்திருந்தபடியே கேட்டேன்.

"எனக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாதும்மா. மருமவ வந்தாத்தான். அவ வர்றதுக்கு ஆறு மணி ஆயிரும்."

எழுதிக்கொடுத்ததை மூடிவைத்தேன். "சார், எனக்கும் பார்வை கொஞ்சம் கம்மிதான். நம்ம ரெண்டு பேருமே பாக்காமச் செஞ்சுருவமா?" என்றேன்.

"செய்வோம் தாயி" என்றார். இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. கடைசியில் அவர் வீட்டில் செய்தி வாசிப்பது எனக்குக் கேட்டது. "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று யாரையோ கூப்பிட்டார். ஒரு அழைப்புக்கு ஆறு நிமிடம்தான் கணக்கு. அன்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டுச் சோபாவில் இரண்டும் கிடக்கின்றன. சத்தம் கூட்ட, குறைக்க, அவசரமாக அணைக்க, சானல் மாற்ற எனக்குப் பொட்டு வைத்த ரிமோட்தான். தேடுவதற்குக் கண்ணாடி. ஒன்றை எடுத்தால் மற்றதைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஏன் நினைத்தோம் என்று தெரியவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கிறேன். போன இரண்டு தடவையும் பார்வை அப்படியே நின்றிருக்கிறது, குறையவில்லை. சொட்டு மருந்து நேரத்தைக் கடையிலிருந்து போன் செய்து ஞாபகப்படுத்துகிறார் என் கணவர். நான் மறக்காத விஷயம் அது. இருந்தாலும் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன்.

போன மாதம் மாஷிமாவின் பழைய டி.வி. உயிரை விட்டது. கண் புரையை எடுத்தாகிவிட்டது, நல்ல டி.வி.யாகப் பார்க்கலாம் என்று உற்சாகமாக இருந்தார். "பௌமா, தொடறதா, அமுக்கறதா? எது நல்லது?" என்று கேட்டார்.

"கடைக்கு வாங்க மாஷிமா, உங்க கையே சொல்லும்."

சனிக்கிழமை காலை கரியாஹாட்டில் ஒரு கடைக்குப் போனோம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். படி எங்கே இறங்குகிறது என்று அவர் எனக்குச் சொன்னார். கடையில் வரிசையாக இருந்த ரிமோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். விற்பனைக்கு நின்றவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "மாஷிமா, டி.வி.ய ஒரு தடவ கண்ணத் தெறந்து பாருங்க" என்றான்.

"அதுக்கு அவசரமில்ல, இருப்பா" என்றார் மாஷிமா, கண்ணைத் திறக்காமலேயே. அரை மணி நேரம் கழித்துப் பெரிய பட்டன் வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். டேப்லட் வேண்டவே வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, வண்டி கிளம்புவதற்குள் என் பக்கம் சாய்ந்து, வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பும் பேரன் படங்களை அந்தக் கண்ணாடியில் பெரிதாகப் பார்க்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"பாக்கலாம் மாஷிமா."

"அப்ப அடுத்த சனிக்கிழமையும் நீ ஃப்ரீதானே?" என்றார்.